வழி விட்டுடவா சார்?

பழவேற்காடு
29.9.2024

அன்புத் தம்பி பெலிக்ஸுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். நீயும் வீட்டில் அவளும் பிள்ளைகளும் சுகம்தானே?

நான்கு நாளில் மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். போனில் நீ நன்றாக மழுப்புவாய். பேனாவைப் பிடித்தால் உனக்கு மழுப்ப வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கோட்டைக்குப்பம் தேசப்பன் மகள் அமுதவல்லி போன செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினாள். வீட்டுக்குப் போகாமல் நேராக என் சத்துணவுக் கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. நைனாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அதோடு சரி.  பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் தேசப்பன் செய்தித்தாளோடு வந்தார். "டீச்சரம்மா, எம் பொண்ணு கேட்டை மறிச்சதாலதான் இன்னொரு பொண்ணு செத்துச்சுன்னு போட்டுக்கீறான். இது மெய்யா? உங்க தம்பிதானே அங்க பசங்களுக்குப் பெரியவரு? அவரு இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

போன வருஷம் அந்தப் பெண்ணை உன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டவள் நான். அவள் மாணவர் பேரவைத் தலைவியாக ஜெயித்த அன்று எனக்குத்தான் முதலில் போன் செய்தாய். "எங்கிட்ட பயிற்சி எடுத்தவங்கள்ல இவ மாதிரி யாரும் இல்லக்கா" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். பேரவைக்கு ஆலோசகர் நீ. அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

உன் அக்கா,
ஜெபசெல்வி


பல்கலைக்கழகக் குடியிருப்பு
9.10.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். மாமா உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட விவரம் வருமாறு. மாணவியர் விடுதியின் குடிநீர்த் தொட்டி பல மாதங்களாகச் சுத்தம் செய்யப்படாமல் இருந்தது. அதனால் மஞ்சள் காமாலை பரவியது. பேரவை சார்பில் நான்கு மனுக்கள் கொடுக்கப்பட்டன. நடவடிக்கை இல்லாததால் செப்டம்பர் 11 அன்று மாணவர்கள் முதன்மை வாயிலில் அமர்ந்தார்கள். அப்போது, நோயுற்றிருந்த முதலாண்டு மாணவி சாமுண்டீஸ்வரியை ஏற்றி வந்த காப்பாளரின் கார் வாயிலில் முப்பத்தைந்து நிமிடம் தாமதிக்க நேர்ந்தது. பின்வாசல் பூட்டப்பட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அந்த மாணவி மருத்துவமனையில் காலமானார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது. அது முடியும் வரை தலைவி இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இது வழக்கமான நடைமுறைதான். தேசப்பன் அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

அமுதவல்லி இது பற்றி யாரிடமும் பேசாமல் இருப்பது அவளுக்கு நல்லது. பத்திரிகைக்காரர்கள் வந்தால் குறிப்பாக.

வேலை அதிகம். மற்றவை பின்பு.

தங்கள் தம்பி,
பெலிக்ஸ்


பழவேற்காடு
23.10.2024

தம்பி பெலிக்ஸுக்கு அக்காவின் அன்பு.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அரசாங்க ஆபீஸிலிருந்து வந்த தபால் மாதிரி இருக்கிறது. எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? கார் தாமதிக்க நேர்ந்தது என்றால் என்ன அர்த்தம்? தானாகவா நேர்ந்தது?

பயப்பட வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள்.

தேசப்பன் ஏரிக்குப் போவதில்லை. ஏரியை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாட்டில் அவர்கள் குடும்பம் வலை போடும் நாள் வந்தும் போகவில்லை. அங்காளி பங்காளிகள் போய்விட்டு வந்தார்கள். அவர் பெண்டாட்டி இருசம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறால் விற்கப் போன இடத்தில், "உம் பொண்ணு லீடராமே" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் கூடையைக் கீழே வைத்தவள்தான்.

போன சனிக்கிழமை ஒரு ஆள் வந்தார். திருத்தணிப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். பெயர் செங்கல்வராயன். செத்துப்போன பெண்ணின் அப்பா. திருப்பாலைவனத்தில் தவறாக இறங்கி, அங்கிருந்து வெயிலில் பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். நான் கூடத்தைப் பூட்டிக்கொண்டு போகும்போது வழி கேட்டார். நானே கூட்டிக்கொண்டு போனேன். யார் என்று அவர் சொன்னது பாதி வழியில்தான்.

தேசப்பன் நாற்காலி போட்டார். வந்தவர் உட்காரவில்லை. அமுதவல்லி வெளியே வந்து நின்றாள். அவர் சத்தம் போடுவார், அடிப்பார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா வழி வுடல?"

"நான்தான் வுடல" என்றாள்.

"அதான் ஏன்?"

"நான்தான்யா வுடல. வேற யாரும் இல்ல."

அவர் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருசம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கவில்லை. போய்விட்டார். பஸ் ஏறும் வரைக்கும் தேசப்பன் பத்தடி பின்னாலேயே கைகட்டிப் போனார்.

அவள் "வேற யாரும் இல்ல" என்று சொன்னது எனக்கு உறுத்துகிறது. யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னாள்? பிறகு தனியாகக் கேட்டேன், "அன்னிக்கு சார் இன்னா சொன்னாருடி?" என்று. "சார் ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெபசெல்வி


பல்கலைக்கழகக் குடியிருப்பு
4.11.2024

அன்புள்ள அக்கா,

நலம். நீ எழுதியதைப் படித்து மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு இங்கே எல்லோரும் அனுதாபத்தோடுதான் இருக்கிறார்கள்.

விசாரணை நவம்பர் 18ஆம் தேதி. அழைப்பு அமுதவல்லிக்குத் தபாலில் வரும். பதிவாளரிடம் நான் தனிப்பட்ட முறையில் பேசியிருக்கிறேன். அவள் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஒரு வருட நீக்கத்தோடு விட்டுவிடுவார்கள் என்று தெரிகிறது. அடுத்த வருடம் வந்து படிப்பை முடித்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் என்னால் எதுவும் செய்ய முடியாது. இப்போது இருக்கும் நிலையில் அவளுக்கு அதை எழுத வராது என்பதால் நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவள் கையெழுத்தில் பார்த்து எழுதி, கையொப்பமிட்டால் போதும். எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்.

நான் எழுதியது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

பெலிக்ஸ்


பழவேற்காடு
11.11.2024

தம்பிக்கு,

சுகம். மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஒழுகுகிறது, பிள்ளைகளை ஒரு மூலையில் நெருக்கி உட்காரவைத்துச் சோறு போடுகிறேன்.

நீ அனுப்பியதை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். உன் கையெழுத்து என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறுபேச்சு இல்லை. என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கமும் வரிக்கு வரி அப்படியே. கடைசிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். "இந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன் டீச்சர்" என்றாள்.

"பேரவை ஆலோசகரின் அறிவுரையை மீறி நான் தன்னிச்சையாக நடந்துகொண்டேன்." அதுதான் அந்த வரி.

"மத்ததெல்லாம் எழுதிட்டியேடி. இதுல இன்னா?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் நான் செஞ்சது. இது பொய்" என்றாள்.

"எது பொய்?"

 அந்த வரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதைத்தான் கொண்டுவருவாள்.

பெலிக்ஸ், எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அவளுக்கு நீ கொடுத்த அறிவுரை என்ன?

ஜெபசெல்வி


பழவேற்காடு
8.12.2024

பெலிக்ஸுக்கு,

என் கடிதத்துக்கு நான்கு வாரமாகப் பதில் இல்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு இன்று மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுகம்தானே?

தேசப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு விசாரணைக்கு வந்துவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னது இது. "உங்க தம்பி எங்களைப் பாத்தாரு டீச்சரம்மா. நான் எழுந்து நின்னு கும்புட்டேன். பாத்துட்டு உள்ள பூட்டாரு." அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை அவர். உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துச் சொல்கிறார்.

திங்கட்கிழமை பதிவுத் தபால் வந்தது. ஒரு வருடம் இல்லை, பெலிக்ஸ். நிரந்தர நீக்கம். "ஆலோசகர் கலைந்துபோகுமாறு கூறியும் கேளாமல்" என்று அதில் இருக்கிறது. "ஆலோசகரின் எழுத்துமூல வாக்குமூலத்தின்படி" என்றும் இருக்கிறது. தேசப்பன் என்னிடம்தான் படித்துச் சொல்லச் சொன்னார். நான் படித்தேன். உன் பதவியை என் வாயால் உரக்கப் படித்தேன். அமுதவல்லி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை அவள் காலையில் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். அவளும் இறால்தான் தடவுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களில் பச்சையம்மாதான் பார்த்துச் சந்தேகப்பட்டாள். இடுப்பில் இறால் போடும் பறி இல்லை, கை அசையவில்லை. "அடியே, அங்க இழுப்பு ஜாஸ்தி, வாடி இப்படி" என்று கூப்பிட்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்கவே இல்லையாம். நான்கு பேர் போய் இழுத்து வந்தார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நான் போனபோது ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. "சும்மா நின்னேன் டீச்சர்" என்றாள். இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். இவள் அவளைச் சமாதானம் செய்கிறாள். மூன்று நாளாக அவளோடு ஒரு ஆள் மாற்றி ஒரு ஆள் இருக்கிறோம். பொன்னேரியில் மனநல டாக்டரம்மாவிடமும் காட்டினோம். தனியாக விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அவளை இழந்துவிட்டால் நான் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். என்ன சொன்னாய் அவளிடம்?

ஜெபசெல்வி


பல்கலைக்கழகக் குடியிருப்பு
15.12.2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு தடவை பிள்ளைகள் அதே வாயிலில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நிர்வாகம் ஒரு ஆம்புலன்ஸை அனுப்பியது. சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பதறி எழுந்து வழி விட்டார்கள். உள்ளே யாரும் இல்லை. எழுந்த கையோடு காவலர்கள் வந்து, மறுபடி உட்கார முடியாதபடி கேட்டைச் சாத்திவிட்டார்கள். அன்று அமுதவல்லி என் அறைக்கு வந்து அழுதாள். "ஏமாத்திட்டாங்க சார்" என்றாள். அடுத்த தடவை ஏமாற மாட்டோம் என்று நான்தான் சொன்னேன். செப்டம்பர் 11 என்று தேதி குறித்ததும் நான்தான். வெளியே யாருக்கும் தெரியாது. நிர்வாகத்துக்கு நான் சமாதானம் பேசுகிறவன். பிள்ளைகளுக்கு நான் அவர்கள் பக்கம். இரண்டு பக்கமும் நல்லவனாக இருப்பது ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் பதிவாளர் அறையில் உட்கார்ந்திருந்தேன். தொட்டியை மாற்றுவதாக எழுத்தில் கொடுக்க அவர் பாதி சம்மதித்திருந்தார். இன்னும் அரை மணி நேரம் போனால் கையெழுத்து. அப்போது போன் வந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"சார், வார்டனம்மா கார் வருது. ஆஸ்பத்திரிக்கு அவசரம்னு சொல்றாங்க. வழி விட்டுடவா சார்?"

நான் சொன்னது இதுதான், அக்கா. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். "அதே நாடகம்தான்மா. எழுந்திருக்காதே. கையெழுத்து வரட்டும்."

அவள் "சரிங்க சார்" என்றாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்து டீ குடித்தேன். முப்பத்தைந்து நிமிடம் கழித்து வெளியே சத்தம் கேட்டது. அமுதவல்லியே எழுந்து, எல்லோரையும் கைப்பிடித்து இழுத்து, கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

பெண் இறந்த அன்று பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க கலைஞ்சு போகச் சொன்னீங்கதானே சார்?" என்றார். கேள்வி மாதிரி கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தார். நான் தலையாட்டினேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அமுதவல்லி அன்று மாலை என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை. விசாரணையிலும் என் பெயரைச் சொல்லவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில்தான் மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன்.

அவள் தண்ணீரில் நின்றதைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் நிற்கிறேன், வாய் எதையோ பேசுகிறது. எனக்கு வேலை போய்விடும், அக்கா. ஜெயில்கூட வரலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நான் என்ன செய்வது? யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடிந்தது. படித்துவிட்டுக் கிழித்துவிடு.

பெலிக்ஸ்


பழவேற்காடு
21.12.2024

பெலிக்ஸ்,

கிழிக்கவில்லை. இந்தக் கடிதம் எனக்கு வர வேண்டியது இல்லை. திருத்தணிக்கும் கோட்டைக்குப்பத்துக்கும் போக வேண்டியது. என்னிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைக்காதே. நான் பாதிரியார் இல்லை.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். தேசப்பன் எதிரில் வரும்போது சந்தில் திரும்பிப் போகிறேன். அந்த மனுஷன் நேற்றுகூட, "உங்க தம்பி மனசு வச்சா இன்னும் எதுனா நடக்கும் டீச்சரம்மா" என்கிறார். நீ சொல்லும் வரை என்னால் இந்த ஊரில் நடக்க முடியாது.

பண்டிகைக்கு வர வேண்டாம். மாமாவிடம் உனக்கு வேலை என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அவரிடம் சொன்ன பொய்களில் இதுவும் ஒன்று, உன்னால்.

ஜெபசெல்வி


பல்கலைக்கழகக் குடியிருப்பு
2.2.2025

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் கோழைத்தனம். மீதி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரி 3 அன்று பதிவாளரிடம் போய் என் பழைய வாக்குமூலம் பொய் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஃபைல் மூடியாச்சு பெலிக்ஸ். ரெண்டு நாள் லீவு எடுங்க, தூங்குங்க" என்றார். நான் கொடுத்த தாளை என் பக்கமே நகர்த்தினார். வெளியே வந்து அதையே துணைவேந்தருக்கும் காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினேழு நாளில் எனக்கு இடைநீக்க உத்தரவு வந்துவிட்டது. காவல் நிலையத்தில் ஒரு முழு நாள் உட்கார வைத்தார்கள். வீட்டில் அவள் என்னோடு பேசுவதில்லை. குடியிருப்பைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் செங்கல்வராயன் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் நான் முதலில் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு வந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். 

"அந்தப் பொண்ணு ஊட்டு வாசல்ல போய் நின்னு கேட்டனே. நான்தான் வுடலன்னு சொல்லிச்சே. அப்பக்கூட உன் பேரு அது வாயில வரலியேய்யா" என்றார்.

"வரல."

"நீ டீ குடிச்சேன்னு சொன்னியே. அதை ஏன் சொன்ன எங்கிட்ட?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உள்ளே அந்தப் பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். செங்கல்வராயன் என் கையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு முழுத்தாள் வாங்கி, "எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். கடைப் பலகை மேல் வைத்தே எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இனிமே இங்க வராத" என்றார்.

அவர் அதை வைத்துக் கொடுத்த மனுவில் கோட்டாட்சியர் விசாரணைக்கு உத்தரவாகியிருக்கிறது. மார்ச் 24. அமுதவல்லிக்கும் அழைப்பு வரும். என் டிசம்பர் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடு. தேசப்பனிடமும் படித்துக் காட்டு. அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து தெருவில் நடக்கிறேன். இனிமேல் அவள் யாரையும் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்.

பெலிக்ஸ்


கோட்டைக்குப்பம்
16.3.2025

பெலிக்ஸ் சாருக்கு,

வணக்கம். நான் இப்போது பரவாயில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், தூக்கம் வருகிறது. அம்மா மறுபடி வியாபாரத்துக்குப் போகிறார்.

டீச்சர் உங்கள் கடிதங்களைக் கொடுத்தார். நைனாவுக்கும் படித்துக் காட்டினார். நைனா கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முழுக்க வலையைப் பிரித்துப் போட்டு அழுக்கெடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் டீச்சரிடம், "உங்க மேல கோவம் இல்ல டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார். 

நீங்களும் டீச்சரும் நான் உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை சார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் உங்களுக்குப் போன் செய்வதற்கு முன்னாலேயே காருக்குப் பக்கத்தில் போய்விட்டேன். பின் சீட்டில் சாமுண்டீஸ்வரி கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். கண் மஞ்சளாக இருந்தது. வாயோரம் நுரை. பார்த்தேன். நாடகம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு பத்தடி தள்ளி வந்து உங்களுக்குப் போன் செய்தேன். கார் வருகிறது என்று சொன்னேன். அவளைப் பார்த்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் உடனே வழி விடச் சொல்லியிருப்பீர்கள்.

எனக்குப் பின்னால் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் என்னால்தான் எல்லோரும் எழுந்தார்கள், ஏமாந்தோம் என்று எத்தனையோ பேர் பேசினார்கள். இந்தத் தடவையும் நான் எழுந்தால் தலைவி பயந்தவள் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி, பின்வாசலைத் திறந்து கூட்டிப்போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அது பூட்டியிருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று தெரிந்துதான் உங்களைக் கேட்டேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றே கேட்டேன். நீங்கள் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது சார். அந்த நிம்மதியை நினைத்தால்தான் என்னால் இருக்க முடியவில்லை. அன்று தண்ணீரில் போய் நின்றதும் அதனால்தான். சஸ்பெண்டுக்காக இல்லை.

முப்பத்தைந்து நிமிடமும் நான் அந்தக் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கில் பேசினேன். நீங்கள் சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுத்த மாதிரியே நன்றாகப் பேசினேன். கை தட்டினார்கள். கார் ஹார்ன் அடித்தது நின்றபோதுதான் திரும்பினேன்.

நீங்கள் எல்லாவற்றையும் உங்கள் மேல் எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது அழுகை வந்தது. பிறகு கோபமும் வந்தது. நான் உங்களை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் என்னை முன்னால் நிறுத்தி நான்கு மாதம் ஒளிந்துகொண்டீர்கள். இரண்டும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியாது.

24ஆம் தேதி நைனாவும் நானும் டீச்சரும் வருகிறோம். நான்கு மனுக்களின் நகலும் என்னிடம் இருக்கிறது. தொட்டியைப் பற்றிச் சொல்லுவேன். பின்வாசல் பூட்டைப் பற்றிச் சொல்லுவேன். நீங்கள் போனில் சொன்னதைச் சொல்லுவேன். நான் காருக்குள் பார்த்ததையும் சொல்லுவேன். செங்கல்வராயன் ஐயா எதிரில் இருப்பார். அவர் அதைக் கேட்ட பிறகு என்ன செய்தாலும் சரி. டீச்சரிடம் இன்று காலைதான் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படிப்பு திரும்பக் கிடைக்காது என்று நினைக்கிறேன். வழக்கும் வரலாம் என்று வக்கீல் சொன்னார்.

ஒன்று மட்டும். அன்று என்னை முதலில் கூப்பிட வேண்டும் என்று கோட்டாட்சியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் பேசுவதைக் கேட்ட பிறகு பேசினால், நான் மறுபடியும் "சரிங்க சார்" என்று சொல்லிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தே. அமுதவல்லி